'கோன்சுலோ'வுக்கு எத்தனை அர்த்தம்? லத்தீன் படிக்கிற ஒரு வாசகிக்கு பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் திருநெல்வேலியில வக்கீலா இருக்கேன். ரோமன் சட்டத்து மேல ஆசை வந்து சொந்தமா லத்தீன் படிச்சிக்கிட்டு இருக்கேன். இப்போ ரோமைக் கவிழ்க்க சதி பண்ணின கத்திலீனாவுக்கு எதிரா, அப்போ கான்சலா இருந்த சிசரோ பேசின நாலாவது பேச்சு வரைக்கும் வந்துட்டேன். அதுல 'கோன்சுலிதெ வோபீஸ்'னு ஒரு இடம். 'உங்களையே கேட்டுக்கோங்க'ன்னு எழுதி வச்சேன், ஆனா அச்சு மொழிபெயர்ப்புல 'உங்க நலனைப் பாருங்க'ன்னு போட்டிருக்கு. அகராதியை எடுத்தா 'கோன்சுலோ'ங்கிற அந்த ஒரு வினைக்கு ஆலோசி, ஆலோசனை கேளு, அக்கறை காட்டு, நடவடிக்கை எடு, முடிவு பண்ணுன்னு நீளமா போகுது. இத்தனையும் மனப்பாடம் பண்ணணுமா? ரோமோட உச்ச பதவியான கான்சலுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: வணக்கம்மா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், தனியா உக்காந்து படிச்சு சிசரோவோட நாலாவது பேச்சு வரைக்கும் வர்றது சின்ன விஷயம் இல்ல, நீங்க சறுக்கின இடமும் கவனமா படிக்கிறவங்க மட்டும் நின்னு யோசிக்கிற இடம், மத்தவங்க அச்சுல இருக்கிறத பாத்து எழுதிட்டு அடுத்த வரிக்கு போயிடுவாங்க.

மனப்பாடம் வேண்டாம். இந்த வினைக்கு அடிப்படையில ஒரே அர்த்தம்தான், யோசிச்சு ஒரு முடிவுக்கு வர்றது. அதுக்கு பக்கத்துல வர்ற பேர்ச்சொல் எந்த வேற்றுமையில நிக்குதுங்கிறத வச்சுத்தான் மத்தது எல்லாம் மாறுது. நீங்க வினையை பாத்தீங்க, பக்கத்துல இருக்கிற சொல்லோட வாலை பாக்கல, அவ்வளவுதான் நடந்தது.

இது தமிழ்ல நமக்கு புதுசே கிடையாது. 'பொண்ணைப் பாக்குறாங்க'ன்னா ஒரு அர்த்தம், 'பொண்ணுக்குப் பாக்குறாங்க'ன்னா வேற அர்த்தம், ரெண்டாவதுல வீட்டுல மாப்பிள்ளை தேடிக்கிட்டு இருக்காங்கன்னு யாரும் சொல்லித்தராமலே நமக்கு புரியுது. வினை அதே 'பாரு'தான், 'ஐ' போய் 'கு' வந்ததும் 'அவளோட நன்மைக்காக'ங்கிறது தானா உள்ள வந்துடுது. கோன்சுலோவும் அப்படியே. ரெண்டாம் வேற்றுமையில ஆள் வந்தா அவர்கிட்ட யோசனை கேக்குறோம், நாலாம் வேற்றுமையில வந்தா அவருக்காக யோசிக்கிறோம், 'இன்'னுங்கிற முன்னிடைச்சொல்லோட ரெண்டாம் வேற்றுமை வந்தா அவர் மேல பாயற மாதிரி ஒரு முடிவு எடுக்கிறோம். ஐ, கு, மேல. இந்த மூணையும் பிடிச்சிட்டீங்கன்னா அகராதியோட முக்கால்வாசி கைக்கு வந்துடும்.

இப்போ உங்க வரியையே எடுத்துக்குவோம், ஏன்னா இதைவிட நல்ல உதாரணத்தை நான் தேடினாலும் கிடைக்காது. கி.மு. 63 டிசம்பர் 5, கன்கார்டியா கோயில்ல ரோமோட மூத்தோர் சபையான செனட் கூடியிருக்கு, கைதான சதிகாரங்கள என்ன பண்றதுன்னு விவாதம். சிசரோ எழுந்து 'கோன்சுலிதெ வோபீஸ், ப்ரோஸ்பிகிதெ பத்ரியாய், கோன்செர்வாதெ வோஸ்'னு அடுக்குறார். முதல்ல 'வோபீஸ்', கடைசியில 'வோஸ்'. ரெண்டும் நீங்கதான், ஆனா ஒண்ணு 'உங்களுக்கு', இன்னொண்ணு 'உங்களை'. நீங்க எழுதின அர்த்தம் வரணும்னா அவர் 'கோன்சுலிதெ வோஸ்'னு சொல்லியிருக்கணும். அவர் சொன்னது உங்களுக்கு வேண்டியத யோசிங்க, தாய்நாட்டுக்கு வரப்போறத முன்கூட்டியே பாருங்க, உங்களை, மனைவி மக்களை, சொத்து சுகத்தை காப்பாத்திக்கோங்க, என் மேல இரக்கப்பட்டு என்னைப் பத்தி நினைக்கிறத விடுங்கங்கிறது. நடுவுல வர்ற 'ப்ரோஸ்பிகிதெ'யும் அதே ஜாதி வினை, ரெண்டாம் வேற்றுமையோட வந்தா எட்டத்துல இருக்கிறத பாக்குறது, நாலாம் வேற்றுமையோட வந்தா ஒருத்தருக்காக முன்யோசனையா ஏற்பாடு பண்றது. 'பத்ரியாய்'ங்கிறத ஆறாம் வேற்றுமையாவும் படிக்கலாம் நாலாம் வேற்றுமையாவும் படிக்கலாம், பக்கத்துல 'வோபீஸ்' இருக்கிறதால நாலுன்னு முடிவாகுது. ஒரு நல்ல பேச்சாளர் வாக்கியத்தை ஜோடி ஜோடியா கட்டுவார், அந்த ஜோடியே இலக்கணமும் சொல்லிக்கொடுத்துடும்.

இதே சிசரோ ஒரு மாசம் முந்தி, நவம்பர்ல, முதல் பேச்சுல, கத்திலீனாவை நேரா பாத்து 'ஸீ மே கோன்சுலிஸ், ஸ்வாதெயோ'ன்னு சொல்றார். ஊரை விட்டு போகச் சொல்றியான்னு கேக்குற, நான் உத்தரவு போடல, ஆனா என்னைக் கேட்டா, போன்னுதான் சொல்வேன். இங்க 'மே', அதாவது 'என்னை', சுத்தமான ரெண்டாம் வேற்றுமை, அதனால ஆலோசனை கேக்குறது. இந்த ரெண்டு வரியையும் நோட்டுல ஒண்ணுக்கு கீழ ஒண்ணு எழுதி வச்சுக்கோங்க, ஒரே ஆள், ஒரே வருஷம், ஒரே வினை.

ரெண்டாம் வேற்றுமையில வர்றது மனுஷனா இருக்கணும்னு கூட இல்ல, பதில் சொல்லக்கூடியதுன்னு ரோமர்கள் நம்பின எதுவா இருந்தாலும் சரி. குறி சொல்ற தெய்வம் வரும், ஜோசியர் வருவார். கவிஞர் வெர்ஜிலோட ஏனீட் காவியத்துல நாலாம் காண்டத்துல ராணி டீடோ காதல்ல தவிச்சுக்கிட்டு பலி கொடுத்த ஆடு மாடுகளோட நெஞ்சை பிளந்து, இன்னும் துடிச்சிக்கிட்டு இருக்கிற குடலை வாய் பிளந்து பாக்குறா, அங்க 'ஸ்பீரன்தியா கோன்சுலித் எக்ஸ்தா'. 'ஸ்பீரன்தியா'ன்னா மூச்சு விடுறவைன்னு அர்த்தம், உயிர் முழுசா போகாத குடல்கிட்ட என் விதி என்னன்னு கேக்குறா. குடலை 'பரிசோதிச்சா'ன்னு ஒரு மொழிபெயர்ப்புல பாத்தேன், எனக்கு அது ஒப்பவே இல்ல, கேள்வி கேக்குற பரிதவிப்பு மொத்தமா போயிடுது. இன்னொரு கவிஞர் ஓவிட் இதே வினையை ரொம்ப லேசான இடத்துல போடுறார், ஒவ்வொரு பொண்ணும் தனக்கு எந்த அலங்காரம் பொருந்துமோ அத தேர்ந்தெடுக்கட்டும், அதுக்கு முன்னாடி தன்னோட கண்ணாடியை கேக்கட்டும்னு. குடலும் ரெண்டாம் வேற்றுமை, கண்ணாடியும் ரெண்டாம் வேற்றுமை.

நீங்க வக்கீல்ங்கிறதால செனட் விஷயத்தை கொஞ்சம் விரிவா சொல்றேன், கான்சல் கேள்விக்கும் அதுலயே பதில் இருக்கு. செனட் தானா ஒரு விஷயத்தை எடுத்து பேசிட முடியாது, கான்சல் மாதிரி கூட்டத்தை கூட்டுற அதிகாரம் உள்ளவர் ஒருத்தர் எழுந்து இந்த விஷயத்துல உங்க கருத்து என்னன்னு கேக்கணும். அந்த செயலுக்கு பேரே 'ஸெனாதும் கோன்சுலெரெ', செனட்டை கேக்குறது. அப்படி கேட்டு வந்த முடிவுதான் 'ஸெனாதூஸ் கோன்சுல்தும்'. சட்டப்படி பாத்தா அது ஆலோசனைதான், மக்கள் சபை போடுற சட்டம் இல்ல, ஆனா குடியரசு காலத்துல பதவியில இருக்கிற யாரும் அதை லேசுல மீறிட மாட்டாங்க.

இதை உங்க கண்ணாலயே பாக்க ஒரு வழி இருக்கு. கி.மு. 186ல பாக்கஸ்ங்கிற மது தெய்வத்தோட வழிபாட்டை அடக்க செனட் போட்ட தீர்மானம் ஒரு வெண்கலத் தகட்டுல அப்படியே கிடைச்சிருக்கு, 1640ல தெற்கு இத்தாலியில திரியோலோங்கிற ஊர்ல எடுத்தாங்க, இப்போ வியன்னா மியூசியத்துல இருக்கு, படம் இணையத்துல தாராளமா கிடைக்கும். அதோட முதல் வரியை மட்டும் பெரிசாக்கி பாருங்க. மார்கியுஸ், போஸ்துமியுஸ்னு ரெண்டு பேர், அப்புறம் பதவியை குறிக்க 'கோஸ்'னு சுருக்கம், அப்புறம் 'ஸெனாதும் கோன்சொலுயேருன்த்', அப்புறம் அக்டோபர் 7ங்கிற தேதி, பெல்லோனா கோயில்ல. கான்சல்கள் எழுவாய், செனட் ரெண்டாம் வேற்றுமை, நடுவுல நம்ம வினை. ரெண்டாயிரத்து சொச்சம் வருஷம் பழைய இலக்கணப் பாடம் அது. இன்னொண்ணும் கவனிங்க, 'கோன்சுலு' இல்ல, 'கோன்சொலு'. பழைய லத்தீன்ல அந்த இடத்துல 'ஒ'தான் இருந்தது, கான்சல் பதவியையும் அந்தக்கால கல்வெட்டுகள்ல 'கோன்சொல்'னே எழுதினாங்க, சிபியோ குடும்பத்து கல்லறைக் கல்வெட்டுல அப்படித்தான் இருக்கு. 'கோஸ்'ங்கிற சுருக்கத்துல 'ன்' காணோமேன்னு யோசிப்பீங்க, 'ஸ்'ஸுக்கு முன்னாடி வர்ற 'ன்' பேச்சுல தேய்ஞ்சு போய், முன்னாடி இருக்கிற உயிர் நீண்டுடுச்சு, அதனாலதான் முதல் எழுத்து நெடில் 'கோ'. நம்ம எழுத்துல குறில் நெடில் தனித்தனியா இருக்கிறதால இதை எழுதிப் படிக்க தமிழ் ரொம்ப வசதி.

ஆக சம்பந்தம் உண்டு, பதவிப் பேரும் வினையும் ஒரே வேர்தான், ஆனா எந்த அர்த்தத்துலேர்ந்து பதவி வந்ததுன்னு ரோமர்களுக்குள்ளயே சண்டை. வர்ரோங்கிற பழைய ரோமன் அறிஞர் மக்களையும் செனட்டையும் கேக்குறதால கோன்சுல்னு பேர்ங்கிறார், அங்கயே அக்கியுஸ்ங்கிற பழைய நாடகக் கவிஞரோட வரியையும் எடுத்துக் காட்டுறார், நல்லபடியா யோசிக்கிறவன்தான் கோன்சுல்ங்கிற மாதிரி ஒரு வரி. குயின்டிலியன்ங்கிற பேச்சுக்கலை ஆசிரியர் யோசிக்கிறதுலேர்ந்து வந்திருக்கலாம், இல்ல தீர்ப்பு சொல்றதுலேர்ந்து வந்திருக்கலாம்னு ரெண்டு வழி காட்டுறார், முன்னோர்கள் இந்த வினையை 'தீர்ப்பு பண்ணு'ங்கிற அர்த்தத்துலயும் சொன்னாங்கன்னு சொல்லி அதுக்கு சாட்சியா ஒரு மரபுத்தொடர் கொடுக்குறார், 'பொனீ கோன்சுலாஸ்'. நல்லதுன்னு எடுத்துக்கோ, குறையா நினைக்காதேன்னு அர்த்தம். அகராதியில தனியா ஒட்டாம கிடக்குற அர்த்தம் இது, இங்க 'பொனீ' மதிப்பை சொல்ற ஆறாம் வேற்றுமை, இவ்வளவு மதிப்புன்னு கணிக்கிறது. இந்த ஒரு தொடரை மட்டும் முழுசா மனசுல வச்சுக்கோங்க.

நாலாம் வேற்றுமைக்கு சீசர்கிட்டேர்ந்து ஒண்ணு. கி.மு. 52ல அவர் ஆறு அடி பனியை வெட்டி ஒதுக்கிக்கிட்டு இன்னைய பிரான்ஸ்ல இருக்கிற செவென் மலையைக் கடந்து அர்வெர்னி இனத்தோட நாட்டுக்குள்ள இறங்கிட்டார், யாரும் எதிர்பாக்கல. பயந்துபோன ஜனங்க தங்க தலைவர் வெர்சிங்கெடோரிக்ஸை சூழ்ந்துக்கிட்டு எங்க சொத்துபத்துக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு கெஞ்சுறாங்க, 'ஸுயீஸ் ஃபோர்தூனீஸ் கோன்சுலத்'. இங்க போய் 'சொத்துகிட்ட ஆலோசனை கேளு'ன்னு எழுதினா எவ்வளவு அபத்தமா இருக்கும் பாருங்க, இடம் இவ்வளவு தெளிவா இருந்தா யாருமே தப்பு பண்ண மாட்டாங்க, 'வோபீஸ்'ல ரெண்டுமே பொருந்துற மாதிரி இருந்ததாலதான் உங்களுக்கு மாட்டிக்கிச்சு.

மூணாவது, 'இன்' போட்டு வர்றது. கி.மு. 338, லத்தீன் நகரங்களோட நடந்த போர் முடிஞ்சுது, ரோம் ஜெயிச்சாச்சு. கான்சல் காமில்லஸ் செனட்ல கேக்குறதா வரலாற்று ஆசிரியர் லிவி எழுதுறார், சரணடைஞ்சவங்க மேல, தோத்தவங்க மேல கொடூரமா முடிவெடுக்க விரும்புறீங்களா, அந்த நகரங்கள் இருந்த லத்தியம் பகுதி முழுசையும் அழிச்சிட உங்களால முடியும்னு. 'க்ரூதேலிதெர் கோன்சுலெரெ இன் தேதிதோஸ் விக்தோஸ்க்வெ'. அடுத்த மூச்சுலயே, முன்னோர் வழியில தோத்தவங்களுக்கு குடியுரிமை கொடுத்து ரோமை வளக்கணும்னா அதுக்கும் இதுதான் சமயம்ங்கிறார். ஒவ்வொரு ஊரையும் தனித்தனியா எடுத்து முடிவு பண்ணாங்க, லானுவியும் மாதிரி சில ஊருக்கு குடியுரிமையே கிடைச்சது. இலக்கணத்துல நீங்க பிடிக்க வேண்டியது 'க்ரூதேலிதெர்'ங்கிற வினையடை. இந்த 'மேல' அமைப்புல கொடூரமா, கடுமையா, மோசமாங்கிற மாதிரி ஒரு சொல் பெரும்பாலும் ஒட்டிக்கிட்டே வரும். இன்னொரு வரலாற்று ஆசிரியர் டாசிடஸும் தன் மாமனாரைப் பத்தின புத்தகத்துல, பிரிட்டன்ல பூதிக்காங்கிற ராணியோட கிளர்ச்சியை அடக்கின ஆளுநர் சரணடைஞ்சவங்க மேல ரொம்ப கடுமையா நடந்துக்குவாரோன்னு பயம் இருந்ததுன்னு எழுதும்போது இதே அமைப்புதான். 'இன்'னும் ஒரு கடுமையான வினையடையும் பக்கத்துல தெரிஞ்சா ஆலோசனைங்கிற எண்ணத்தையே விட்டுடுங்க.

பக்கத்துல எந்த ஆளும் இல்லாம தனியா வந்தா வெறுமனே யோசிக்கிறது, விவாதிக்கிறது. ரோமன் வரலாற்று ஆசிரியர் சல்லஸ்ட் தன்னோட கத்திலீனா வரலாற்றுல ஆரம்பத்துலயே வைக்கிற வரி இதுக்கு போதும், தொடங்குறதுக்கு முன்னாடி யோசனை வேணும், யோசிச்சு முடிச்சிட்டா உடனே செயல் வேணும்னு. அதுல 'கோன்சுல்தோ'ன்னு ஒரு சொல் வரும், அது 'தேவை'ங்கிற அமைப்புக்காக வர்றது. அதே உருவம் தனியா வினையடையாவும் வரும், அப்போ 'வேணும்னே, தெரிஞ்சே'ன்னு அர்த்தம். பிரிட்டன்ல தேரோட்டிகள் பின்வாங்குற மாதிரி வேணும்னே போக்கு காட்டினாங்கன்னு சீசர் சொல்ற இடத்துல அதுதான் இருக்கு.

செயப்பாட்டு வினையில ஒரு கண்ணி இருக்கு. ரெண்டாம் வேற்றுமை மட்டும்தான் எழுவாயா மாற முடியும், அதனால 'என்கிட்ட ஆலோசனை கேக்கப்படுது'ன்னா 'கோன்சுலோர்', நான்தான் எழுவாய். ஆனா 'எனக்கு வேண்டியது கவனிக்கப்படுது'ன்னா 'மிஹி கோன்சுலிதுர்', நான் நாலாம் வேற்றுமையிலயே நிப்பேன், வினை எழுவாய் இல்லாம படர்க்கை ஒருமையில வரும். லத்தீன் எழுதிப் பழகுறவங்க அதிகமா தப்பு பண்ற இடம்.

உங்க தொழிலுக்கு பக்கத்துல ஒண்ணு. இன்னைக்கு கன்சல்டன்ட்னா ஆலோசனை சொல்றவர். சிசரோ மூரேனாங்கிறவருக்காக வழக்குல வாதாடும்போது சட்ட அறிஞர் சுல்பிகியுஸை பாத்து, நீங்க உங்க 'கோன்சுல்தோரெஸ்'க்கு பதில் சொல்ல விடியுறதுக்கு முன்னாடி எழுந்துக்கிறீங்கன்னு சொல்றார். அங்க கோன்சுல்தோர்னா கேக்க வர்றவர், நம்ம கட்சிக்காரர். ஆலோசனை சொல்றவருக்கும் அதே சொல்லை வேற இடங்கள்ல சொல்லியிருக்காங்க, அதனால ரோமன் சட்ட நூல்கள்ல அது வந்தா ரெண்டுல எதுன்னு நிறுத்திப் பாருங்க. சட்ட அறிஞருக்கு வழக்கமான சொல் 'யூரிஸ் கோன்சுல்துஸ்'. அதே பேச்சுல அந்த அறிஞரோட வேலையை மூணா சொல்றார், பதில் சொல்றது, எழுதுறது, 'கவேரெ'. இந்த 'கவேரெ'யும் வேற்றுமையால மாறுற வினைதான். பொம்பேயில ஒரு வீட்டு வாசல்ல நாய் படத்தோட 'கவே கனெம்'னு தரையில பதிச்சிருக்கு, நாய், ஜாக்கிரதைன்னு, அது ரெண்டாம் வேற்றுமை. கட்சிக்காரர் நாலாம் வேற்றுமையில வந்தா அவருக்கு பாதகம் வராம பத்திரத்துல முன்னெச்சரிக்கையா எழுதிக் கொடுக்கிறது. 'திமெயோ தே'ன்னா உன்னைக் கண்டு பயம், 'திமெயோ திபி'ன்னா உனக்கு என்ன ஆகுமோன்னு பயம். கோன்சுலோவை புரிஞ்சுக்கிட்டீங்கன்னா இவங்க எல்லாம் கூடவே வந்துடுவாங்க.

இன்னொரு எச்சரிக்கை, இது உங்களுக்கு நிச்சயம் வரும், ஏன்னா சிசரோ பேசினப்போ அவரே கான்சல். பதவிப் பேரும் வினையும் பல உருவத்துல அச்சா ஒண்ணா இருக்கும். 'கோன்சுலிஸ்' கான்சலோடன்னும் அர்த்தம், நீ கேக்குறன்னும் அர்த்தம். 'கோன்சுலெ'ன்னு வந்தா ஒருத்தர் கான்சலா இருந்தப்போன்னு வருஷம் சொல்றதும் அதுதான், நீ யோசின்னு ஏவுறதும் அதுதான். 'கோன்சுலேஸ்' கான்சல்கள், இல்லைன்னா நீ கேப்ப. 'கோன்சுலீ' கான்சலுக்கு, இல்லைன்னா கேக்கப்படுறது. உயிர் நீளம் கூட இதுல கைகொடுக்காது, ஜோடியில ரெண்டுக்கும் ஒரே நீளம்தான். வாக்கியத்துல வேற முற்றுவினை இருக்கான்னு தேடுங்க, இருந்தா பெரும்பாலும் இது பதவி.

அகராதி விஷயம். லூயிஸ் அண்ட் ஷார்ட், 1879ல வந்தது, இணையத்துல இலவசமாவே கிடைக்குது, இப்போதைக்கு அது போதும், விலை கொடுத்து வேற வாங்க வேண்டாம். ஆனா அதுல ஒவ்வொரு அர்த்தத்துக்கும் முன்னாடி சின்ன எழுத்துல எந்த வேற்றுமையோடன்னு சுருக்கமா போட்டிருப்பாங்க, நீங்க அதை தாண்டிப் போய் அர்த்தத்தை மட்டும் படிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். இனிமே அந்த சுருக்கத்தை முதல்ல படிங்க, உங்க வாக்கியத்துல இருக்கிற வேற்றுமைக்கு எது பொருந்துதோ அந்த பகுதிக்கு மட்டும் போங்க. நோட்டுலயும் வினையை தனியா எழுதாதீங்க, 'உன்னை கோன்சுலோ', 'உனக்கு கோன்சுலோ', 'உன் மேல கோன்சுலோ'ன்னு மூணு வரியா லத்தீன்ல எழுதி, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல நீங்க படிச்ச ஒரு இடத்தை குறிச்சு வைங்க. அடுத்து லிவியோட எட்டாம் புத்தகத்துல பதிமூணாம் அத்தியாயத்தை எடுங்க, நடை கொஞ்சம் கஷ்டம்தான், காமில்லஸ் பேச்சை மட்டும் மொழிபெயர்த்து அனுப்புங்க, நான் திருத்தி அனுப்புறேன்.